நீங்களே கட்டிய கூடுதல் அறையில் புதுச் சமையலறை: பூச்சுக்கு முன்பிருந்து சிலிகான் வரை

வீட்டை ஒட்டி ஓர் அறையை நீங்களே முன்னின்று கட்டி அதில் சமையலறை அமைப்பதில் பெரிய வசதி ஒன்று உண்டு. பழைய வீட்டில் சமையலறையை மாற்றுபவர் ஏற்கெனவே இருக்கும் குழாய்க்கும் ஜன்னலுக்கும் கட்டுப்பட்டே ஆகவேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிங்க் எங்கே வேண்டுமோ அங்கே குழாயைக் கொண்டுவரலாம். ஆனால் இந்தச் சுதந்திரம் பூச்சு வேலை தொடங்கும் வரைதான். பூசி, காய்ந்து, வெள்ளையடித்த பிறகு கேபினெட் போடுபவரைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது புதுச் சுவரை எங்கே உடைக்கலாம் என்பதைத்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கேபினெட் வருவதற்கு முந்தைய வேலைகள்தான். பெட்டிகளை மாட்டுவது இரண்டு பேர் பொறுமையாகச் செய்தால் முடிந்துவிடும்.

வரைபடம் எப்போது?

ஜன்னலுக்குச் சுவரில் இடம் விடுவதற்கு முன்பே. ஏனென்றால் ஜன்னலின் அடிமட்ட உயரத்தைச் சமையல் மேடைதான் தீர்மானிக்க வேண்டும். மேடை பொதுவாகத் தரையிலிருந்து 90 செ.மீ. வரும். ஜன்னல் அதே 90-இல் தொடங்கினால் சிங்கில் தெறிக்கும் தண்ணீர் நேராகச் சட்டத்தில் போய் நிற்கும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் குழாயில் இடிக்கும். மேடைக்கு மேல் 15 செ.மீ.யாவது சுவர் இருந்து, அதன்பின் ஜன்னல் தொடங்குவது நல்லது.

90 என்பதும் சட்டமில்லை. அதிகம் சமைப்பவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் வருவது அவருக்கு ஏற்ற உயரம். உயரமானவரும் குட்டையானவரும் மாறி மாறிச் சமைக்கும் வீட்டில் யாருக்கு முதுகுவலி அதிகமோ அவர் பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் வளர்ந்த யோசனை அது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள் என்பது வழக்கமான கணக்கு. ஒருவர் மட்டும் சமைக்கும் சிறிய அறைக்கு இது இன்றும் பொருந்தும். ஆனால் என் பார்வையில் முக்கோணத்தைவிட முக்கியம், சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் வெறும் மேடை எவ்வளவு இருக்கிறது என்பதுதான். நறுக்குவது, பிசைவது, இறக்கிவைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். 3 அடி கிடைத்தால் நல்லது. 2 அடிக்குக் கீழே போக விடாதீர்கள். அடுப்பின் மறுபக்கத்திலும் ஒரு பாத்திரம் வைக்க 1 அடி வேண்டும். எதிரெதிரே இரண்டு மேடை வந்தால் நடுவே ஒருவர் புழங்க 42 அங்குலம், இருவர் புழங்க 48 அங்குலம்.

தாளில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். அறையின் தரையில் சாக்பீஸால் கேபினெட்டுகளை நிஜ அளவில் வரையுங்கள். ஓவனின் கதவு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு, இழுப்பறைகள் எல்லாம் திறந்த நிலையையும் வரையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு திறந்தால் கிட்டத்தட்ட 2 அடி வெளியே வரும். அப்போது எதிர் மேடைக்காரர் எங்கே நிற்பார் என்பது நின்று பார்த்தால்தான் புரியும்.

சுவருக்குள் போகிறவை

கழிவுநீர்க் குழாயில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. சிங்குக்கு 40 மி.மீ. குழாய், மீட்டருக்கு 20 மி.மீ. சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். கூடுதல் அறை என்பதால் பழைய வீட்டின் கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் தள்ளித்தான் இருக்கும். 5 மீட்டர் தூரமென்றால் 100 மி.மீ. இறக்கம் வேண்டும். அந்த இறக்கம் தரைக் கான்கிரீட்டுக்குள் கிடைக்குமா என்பதைக் கான்கிரீட் போடும் முன்பே பார்த்தாக வேண்டும். திருப்பம் வரும் இடத்தில் திறந்து சுத்தம் செய்ய மூடி ஒன்று வையுங்கள். சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். என்றாவது ஒருநாள் கம்பி விட்டுக் குத்தத்தான் வேண்டியிருக்கும்.

தண்ணீர்க் குழாய்கள் சிங்க் கேபினெட்டுக்குள் வந்து முடியட்டும். குழாய், இயந்திரம், வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வையுங்கள். வால்வுக்குக் கை எட்ட வேண்டும். குப்பைக்கூடைக்குப் பின்னால் இருக்கும் வால்வு இல்லாததற்குச் சமம்.

மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டே இறங்குங்கள். 7,200 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 31 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் தேவை. ஓவனுக்கும் அப்படியே. ஃப்ரிட்ஜுக்கும் தனி இணைப்பு கொடுப்பது நல்லது. மிக்ஸி பிளக்கில் கோளாறு வந்து பிரேக்கர் விழுந்தால் ஃப்ரிட்ஜும் சேர்ந்து அணையக் கூடாது. சமையலறை பிளக்குகள் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியின் கீழ் வரட்டும். கேபினெட்டுக்குள் பொருத்தும் சாதனங்களின் பிளக் அவற்றின் முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது; பக்கத்துக் கேபினெட்டுக்குள் வர வேண்டும். பின்னால் வைத்தால் சாதனம் சுவரோடு ஒட்டாது, அவசரத்துக்குப் பிளக்கைப் பிடுங்கவும் முடியாது. இன்னொன்று: வீட்டுக்கு வரும் மின் இணைப்பு புது அறையின் சுமையையும் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேஸ் இணைப்பை உரிமம் உள்ளவரிடமே விடுங்கள். ஆனால் காற்றோட்டத்தை நீங்கள் யோசிக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, கூரைப் பக்கம் சேரும். எது வருகிறதோ அதற்கேற்பத் திறப்பு கீழேயா மேலேயா என்று முடிவாகும். கூடுதல் அறைகளில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்றும் உண்டு. முன்பு வெளிச்சுவராக இருந்தது இப்போது உட்சுவர். அந்தச் சுவரில் பழைய கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் இருந்தால் அதன் புகை இனி உங்கள் புதுச் சமையலறைக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அந்தக் குழாயை வெளியே நீட்டாமல் கட்டடத்தை மூடவே கூடாது.

சிம்னிக்கு 150 மி.மீ. துளை விடுங்கள். 100 மி.மீ. குழாய் போதும் என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டுங்கள்: வாய்ப்பரப்பு பாதிக்கும் குறைவாகிவிடும், சத்தம் ஏறும், இழுவை குறையும். முடிந்தவரை நேராக, குட்டையாக, வெளிப்பக்கம் லேசாகச் சரிந்தபடி குழாய் போகட்டும்.

கடைசியாக, மேல் கேபினெட் தொங்கப்போகும் சுவர். செங்கல் என்றால் கவலை இல்லை. இலேசான காற்றூட்டிய கான்கிரீட் கல் என்றால் சுவரில் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் திருகைப் பிடிக்காது. அந்தக் கல்லுக்கென்றே வரும் ஆங்கர்தான் வேண்டும். சட்டம் கட்டிப் பலகை அடித்த சுவர் என்றால், பலகை அடிக்கும் முன்பே கேபினெட் உயரத்தில் சட்டங்களுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் வைத்துத் திருகிவிடுங்கள்.

பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்துப் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். பின்னால் டிரில் பிடிக்கும்போது அந்தப் படங்கள்தான் குழாயையும் வயரையும் காப்பாற்றும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோடு

கூடுதல் அறைக்கே உரிய சிக்கல் இது. பழைய வீட்டின் அடித்தளம் பல வருடங்களாக அழுந்தி நிலைத்துவிட்டது. புது அடித்தளம் இப்போதுதான் சுமை ஏற்கிறது. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கம் சில மில்லிமீட்டர் என்றாலும் இரண்டும் சேரும் கோட்டில் விரிசலாகத் தெரியும். வெறும் சுவரில் விரிசல் விழுந்தால் பூசிக்கொள்ளலாம். அதன்மேல் கல் மேடையும் டைல்ஸும் கேபினெட்டும் இருந்தால் என்ன செய்வது?

முதல் வேலை, அந்தக் கோடு எங்கே என்று வரைபடத்தில் சிவப்பில் குறிப்பது. சுவரில் மட்டும் போதாது, தரையிலும் குறியுங்கள். ஒரே கேபினெட் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைக்கும்படி விடாதீர்கள். இரண்டு கேபினெட்டின் இடைவெளி கோட்டின் மேல் வருமாறு வரிசையை நகர்த்துங்கள். 1 அங்குலம், 2 அங்குல நிரப்புப் பலகையைச் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உயரமான அலமாரிக் கேபினெட்டை ஒரு சுவரோடு மட்டும் திருகுங்கள்.

மேடைக் கல் கோட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் இணைப்பை அங்கேயே வையுங்கள். இணைப்பே வேண்டாம் என்று நினைத்தால், கல் கேபினெட்டுகளின் மேல் மட்டும் உட்காரட்டும். இரண்டு சுவரிலும் சிமெண்ட் வைத்து இறுக்கிவிடாதீர்கள். டைல்ஸ் ஒட்டும்போது கோட்டின் மேல் ஒரு டைல் வந்து பாலமாக நிற்கக் கூடாது. கோட்டோடு டைல் ஓரம் சேர்ந்து, அந்த இடுக்கில் மட்டும் கிரௌட்டுக்குப் பதில் அதே நிறத்துச் சிலிகான் வரட்டும். குழாய்கள் கோட்டைக் கடக்கும் இடத்தில் ஓர் அளவு பெரிய உறைக்குழாய்க்குள் போகட்டும். சிமெண்டில் இறுகிய குழாய்க்குச் சில மில்லிமீட்டர் அசைவே போதும், எங்காவது ஒரு மூட்டு விட்டுக்கொடுத்துவிடும்.

விரிசல் ஏற்கெனவே தெரிகிறதா? அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். வாராவாரம் பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டுகொண்டே போனாலும், வாய் அகன்றுகொண்டே போனாலும் கேபினெட் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதை டைல்ஸ் போட்டு மறைக்க முடியாது.

கூரை சேரும் இடத்தையும் விடக் கூடாது. நல்ல மழை ஒன்று பெய்து முடியும் வரை மேல் கேபினெட் மாட்டாமல் இருப்பது நல்லது. மழைக் காலம் இல்லையென்றால் ஹோஸ் குழாயை அந்தக் கோட்டின் மேல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு உள்ளே வந்து பாருங்கள்.

காயட்டும்

எல்லாருக்கும் பொறுமை போகும் கட்டம் இது. சுவர் வெளுத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். வெளுப்பது மேல்தோல் மட்டும். தரையில் போட்ட சிமெண்ட்-மணல் படலம், நல்ல காற்றோட்டத்தில், முதல் 50 மி.மீ. வரை மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும். அதற்கு மேல் தடிமன் கூடக் கூட இன்னும் மெதுவாகும். 75 மி.மீ. தரைக்கு மூன்று மாதம் என்றாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

சோதிப்பது எளிது. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பாலிதீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் தூக்கிப் பாருங்கள். தாளின் அடியில் துளிகள் இருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் நேரமாகவில்லை. ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டுக் காத்திருங்கள். ஹீட்டர் வைத்து அவசரமாகக் காயவைத்தால் பூச்சு வெடிக்கும்.

ஈரச் சுவரில் கேபினெட்டின் முதுகை வைத்து மூடிவிட்டால் அந்த ஈரம் வேறெங்கும் போகாது. முதலில் வாடை வரும், பிறகு பூஞ்சை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஓரங்கள் ஊதிவிடும். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. பட்ஜெட் இடம் கொடுத்தால் சிங்க் கேபினெட்டை மட்டுமாவது நீர் தாங்கும் பிளைவுட்டில் போடுங்கள். மற்றவற்றில் சிக்கனம் செய்யலாம்.

காய்ந்த பிறகு, கேபினெட் மறைக்கும் பகுதி உட்பட எல்லாச் சுவருக்கும் ஒரு கோட் அடித்துவிடுங்கள். டைல்ஸைக் கேபினெட்டின் அடிவரைக்கும் முழுத் தரையிலும் போடுங்கள். கேபினெட் வந்த பிறகு முன்பக்கம் மட்டும் டைல்ஸ் போட்டால் தரை உயர்ந்து, பாத்திரம் கழுவும் இயந்திரம் மேடைக்கும் டைல்ஸுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பழுதானால் வெளியே எடுக்க மேடையைத்தான் கழற்ற வேண்டும்.

மட்டக்கோடு

இனிமேல்தான் கேபினெட். தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் அறையைச் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். லேசர் இருந்தால் நிமிட வேலை. இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தெளிவான ட்யூபும் அதே துல்லியத்தைத் தரும். அந்தக் கோட்டிலிருந்து தரை வரை 2 அடிக்கு ஓரிடத்தில் அளந்து, அங்கேயே சுவரில் எழுதுங்கள்.

ஒரு மூலையில் 1,003 மி.மீ. வருகிறது, இன்னொரு மூலையில் 988 என்று வையுங்கள். சிறிய எண் வரும் இடம்தான் தரையின் மேடான இடம். அங்கிருந்தே கணக்குத் தொடங்க வேண்டும். கால் 150, பெட்டி 720, மொத்தம் 870 மி.மீ. என்றால், மேட்டில் 870-இல் நிற்கும் பெட்டி பள்ளத்தில் 885-க்குக் காலைத் திருகி ஏற்றி நிற்கும். இதைத் தலைகீழாகச் செய்து, பள்ளத்தில் காலை முழுக்க இறக்கி வைத்துத் தொடங்கினால், மேட்டுக்கு வரும்போது இறக்க இடம் இருக்காது. அப்புறம் எல்லாப் பெட்டியையும் கழற்றித் திரும்ப ஏற்ற வேண்டியதுதான்.

மூலை சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மறு சுவரில் 120 செ.மீ. குறித்தால் குறுக்களவு 150 வர வேண்டும். வராவிட்டால் பயப்பட வேண்டாம். நிரப்புப் பலகை எவ்வளவு வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

பெட்டிகளை மாட்டுதல்

மேல் கேபினெட்டை முதலில் மாட்டுங்கள். கீழே பெட்டிகள் இல்லாதபோது சுவரை ஒட்டி நிற்கலாம், ஏதாவது கைதவறினாலும் புது மேடை தப்பிக்கும். மேடைக்கும் மேல் கேபினெட்டுக்கும் 45 முதல் 50 செ.மீ. இடைவெளி. அந்த உயரத்தில் நேரான மரச்சட்டம் ஒன்றைத் தற்காலிகமாகத் திருகி, பெட்டிகளை அதன்மேல் உட்காரவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கதவுகளைக் கழற்றி வைத்துவிடுங்கள், எடை குறையும். அடுப்புக்கு மேலே மட்டும் சிம்னி தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தைப் பின்பற்றுங்கள். பெரும்பாலும் 65 முதல் 75 செ.மீ.

கீழ் வரிசையை மூலையிலிருந்து தொடங்குங்கள். சுவரோடு சேரும் இடத்தில் 5 செ.மீ. நிரப்புப் பலகை வையுங்கள். வைக்காவிட்டால் மூலை இழுப்பறை பக்கத்துக் கைப்பிடியில் இடித்துப் பாதியில் நிற்கும். இரண்டு பெட்டிகளின் முன்விளிம்பு கைக்குத் தட்டாமல் சேர்ந்தபின் கிளாம்ப் போட்டு இறுக்கி, பிறகு திருகுங்கள். நாலைந்து பெட்டிகள் சேர்ந்ததும் நீளமான மட்டப்பலகையை மேலேயும் முகப்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுவர் உள்வாங்கியிருந்தால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரியும். திருகை இறுக்கி இடைவெளியை மூட ஆசை வரும். செய்யாதீர்கள். பெட்டி முறுக்கிக்கொள்ளும், பிறகு எத்தனை முறை கீலைத் திருகினாலும் கதவுகள் நேராக வராது. இடைவெளியில் பிளாஸ்டிக் சில்லு வைத்து, அதன்பிறகு திருகுங்கள்.

மேடை

கீழ் வரிசை அசையாமல் நின்ற பிறகுதான் கல்லுக்கு அளவு கொடுக்க வேண்டும். வரைபட அளவை வைத்து முன்கூட்டியே வெட்டச் சொன்னால் சுவரின் கோணல் அதில் வராது. சிங்க், அடுப்புத் துளைகளின் உள்மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் புறப்படும். துளைக்கு முன்னாலும் பின்னாலும் மிஞ்சும் ஒல்லியான பட்டைகளுக்கு அடியில் தாங்கு கொடுங்கள். தூக்கி வரும்போது உடைவதும் அங்கேதான். கல்லுக்கும் சுவருக்கும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், டைல்ஸ் அதை மறைத்துவிடும். லேமினேட் அல்லது மர மேடை என்றால் வெட்டிய ஓரங்களைச் சிலிகானோ வார்னிஷோ பூசி அடைத்த பிறகே சிங்கை இறக்குங்கள்.

கல்லை வீட்டுக்குள் உலர்வாக வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலைக் கெடுக்கும். செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் அதன் அளவு மிக அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வகைக் கல்லையே தடை செய்ததற்குக் காரணம், வெட்டும் தொழிலாளர்களுக்கு வந்த சிலிகோசிஸ் நோய். சின்னத் திருத்தம் என்றாலும் வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் விட்டு, முகக்கவசத்தோடு வெட்டச் சொல்லுங்கள்.

இணைப்பும் சோதனையும்

சிங்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். மெல்ல ஓடும் தண்ணீருக்குக் கசியாத மூட்டு இந்த வேகத்தில் கசியும். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ தாளைச் சுற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கழிவுக் குழாயை மேடைக்கு அடியில் உயர்த்தி வளைத்துக் கட்டிவிட்டால் சிங்கின் அழுக்கு நீர் திரும்பிப் போகாது. கேஸ் மூட்டுகளுக்குச் சோப்பு நுரை மட்டும்தான், தீக்குச்சி கூடவே கூடாது. மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் பின்சுவர் டைல்ஸ், பிறகு கேபினெட் கால்களை மறைக்கும் பலகை. அந்தப் பலகையை ஒட்டாமல் கிளிப்பில் மாட்டுங்கள், அடியில் ஈரம் வந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். மேடைக்கும் டைல்ஸுக்கும் இடையே பூஞ்சை எதிர்ப்புச் சிலிகான். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, சிலிகானை இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே வீச்சில் தடவி, காயும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். ஒருநாள் தண்ணீர் படாமல் இருக்கட்டும்.

பாத்திரங்களை ஏற்றிய சில வாரங்களில் கதவுகள் கொஞ்சம் இறங்கும். கீலில் உள்ள திருகுகளைத் திருப்பி நேராக்கிக்கொள்ளலாம். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டில் போட்ட சிலிகான் முதல் வருடத்தில் பிளந்தால் வெட்டியெடுத்துப் புதிதாகப் போடுங்கள். மறு வருடமும் அதே இடத்தில், இன்னும் அகலமாகப் பிளந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.